கடற்பாலம் கடக்கும் பணியாளரும் வீட்டுத் தமிழும்



1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோகூர்க் கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. விடியுமுன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் அதனைக் கடந்து, சிங்கப்பூரில் பணியாற்றி, இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் நிகராக மாற்றப்பட்டன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். இப்பயணத்தின் பெருங்காரணம் அதுவே.

அவ்வருவாயால் ஜோகூர்க் குடும்பங்கள் வீடு வாங்கின. பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அம்மாநிலத் தொழில்களோ பயிற்சி பெற்றோரை இழக்கின்றன. இவற்றைப் பொருளியலார் கணக்கிடுவர். மொழியியல் பயின்ற நாம் கணக்கிட வேண்டியது, வீட்டில் பேச்சுக்கு எஞ்சும் நேரத்தை.

தாய்மொழியைப் பிள்ளைகள் முதலில் பெறுவது வீட்டுப் பேச்சிலிருந்தே. பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, உறங்கும் வேளையில் திரும்பும் தந்தையிடம் எஞ்சுவன ‘சாப்பிட்டாயா? படித்தாயா?’ என்னும் வினாக்கள். விடையும் ஒரு சொல்லே. காரணமும் நிபந்தனையும் உரைக்கும் ‘வந்ததால்’, ‘வந்திருந்தால்’ போன்ற வடிவங்கள் அவ்வீட்டில் அருகக்கூடும்.

2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது பலர் மாதக்கணக்கில் சிங்கப்பூரிலேயே தங்க நேர்ந்தது. தொலைபேசியில் பிள்ளைகளுடன் பேசவே தனி நேரம் வகுத்த குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வழக்கம் தொடரத் தக்கது.

ஆசிரியப் பெருமக்களே, இப்பெற்றோரைக் குறைகூறுதல் தகாது. வார விடுமுறையில் பெற்றோரின் பணியிடச் செய்தி ஒன்றைக் கேட்டறிந்து, வகுப்பில் விரித்துரைக்குமாறு மாணவரைப் பணியுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டா. எல்லை கடக்கும் விரைவு ரயில் பயண நேரத்தைக் குறைக்கும். மிஞ்சும் நேரத்தில் ஒரு பங்கேனும் வீட்டுத் தமிழுக்கு வரட்டும்.