சுரங்கத்தின் மேல் ஒரு மைதானம்

(எமது சங்கத்தின் இளைஞர் உதைபந்தாட்டப் போட்டியின் பரிசளிப்பில் ஆற்றப்பட்ட உரை)

அன்பான தோழர்களே, தாய்மார்களே, காலையிலிருந்து சேற்றில் புரண்டு களைத்திருக்கும் தம்பிமாரே,

பந்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர் தோழர். நான் அறிந்த பந்து, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாண்ட் நகரத்துப் பந்து. 1988 முதல் 12 வருடங்கள் அங்கே ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்தேன். லீவு கிடைத்த சனிக்கிழமைகளில் மைதானம்தான்.

பழைய மைதானத்தின் பெயர் ரோக்கர் பார்க். 1898இல் திறந்தது. சுற்றிலும் நம் லயங்களைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். கப்பல் கட்டியவர்களும் நிலக்கரி வெட்டியவர்களும் வேலை முடிந்து நேரே அங்கே வந்து நின்றவர்கள். 1933இல் டர்பி கவுண்டியுடன் நடந்த ஆட்டத்துக்கு 75,118 பேர் வந்தார்களாம். அவர்கள் போடும் சத்தத்துக்கே 'ரோக்கர் கர்ஜனை' என்று பெயர் இருந்தது.

நான் போன காலத்தில் மைதானம் கிழடாகிவிட்டது. கடல் காற்று எலும்புக்குள் போகும். கழிவறையைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. முன்னால் நிற்பவர் உயரமானவர் என்றால் பாதி ஆட்டம் அவருடைய தொப்பிதான். ஆனாலும் கோல் விழுந்தால், பெயர் தெரியாத மனிதர் என்னைக் கட்டிப்பிடிப்பார். கறுத்தவன் என்று ஒதுங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். இல்லை என்று சொன்னால் பொய். கட்டிப்பிடித்தவர்களும் இருந்தார்கள்.

அதை ஏன் விட்டுப் போனார்கள்? 1989 ஏப்ரலில் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். பழியை முதலில் ரசிகர்கள் மேல்தான் போட்டார்கள். அது பொய் என்று நிரூபிக்க அந்தக் குடும்பங்கள் 27 வருடங்கள் போராட வேண்டியிருந்தது. அதற்குப் பின் பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் ஆசனம் வேண்டும் என்று வந்தது. வீடுகளுக்கு நடுவே நெருங்கிக் கிடந்த ரோக்கர் பார்க்கில் அதற்கு இடமில்லை.

1997 மே மாதம் கடைசி ஆட்டம், லிவர்பூலுடன். முடிந்ததும் பழைய தலைவர் சார்லி ஹர்லி வந்து, மைதானத்தின் நடுப்புள்ளியைப் புல்லும் மண்ணுமாக வெட்டி எடுத்தார். பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்கள் வாய்விட்டு அழுதார்கள்.

புதிய மைதானம் எழும்பிய இடம்தான் நான் சொல்ல வந்த விஷயம். அது வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம். 1826இல் தோண்டத் தொடங்கி, கடலுக்கு அடியிலும் போய்க் கரி எடுத்த சுரங்கம். அதன் தொழிலாளர்கள் 1984-85இல் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1993 டிசம்பரில் மூடினார்கள். டர்ஹம் பகுதியில் மிஞ்சியிருந்த கடைசிச் சுரங்கம் அதுதான்.

அங்கே 21 வருடம் கரி வெட்டிய ஒருவர், மூடிய பிறகு எங்கள் வைத்தியசாலைக்குத் தள்ளுவண்டி தள்ள வந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றே சொல்கிறேன். 1973இல் இரண்டாம் பிரிவில் இருந்த சண்டர்லாண்ட் லீட்ஸை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கதையை அவர் சொல்லாத வாரமில்லை.

1997 ஜூலை 30இல் அயாக்ஸ் அணியுடன் திறப்பு ஆட்டம். இருவரும் போனோம். 42,000 ஆசனம், எங்கிருந்து பார்த்தாலும் பந்து தெரிகிறது. அண்ணன் பந்தைப் பார்க்கவில்லை. விரலால் காட்டிக் காட்டி, விளக்கு வாங்கும் அறை இந்தப் பக்கம், குளிக்கும் அறை அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்த இடத்துக்குள் போக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைக்கு நான் காசு கொடுத்து வந்திருக்கிறேன்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் 0-0.

மைதானத்தின் பெயர் 'ஸ்டேடியம் ஒஃப் லைட்', ஒளியின் மைதானம். போர்த்துக்கல் கழகத்தின் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அது சுரங்க விளக்கின் ஒளி. வெளியே டேவி விளக்கின் பெரிய சின்னம் நிற்கிறது. சுடரைக் கம்பி வலைக்குள் அடைத்த விளக்கு அது. வெடிக்கும் வாயு சேர்ந்தால் சுடர் நீலமாகி நீளும். பார்த்தவுடன் ஓட வேண்டும். எத்தனையோ பேரை உயிரோடு மேலே அனுப்பிய விளக்கு.

அந்தச் சின்னத்தை வைத்தது நல்ல காரியம். ஆனால் சுரங்கம் இரவும் பகலும் வேலை கொடுத்தது. மைதானத்தில் ஆட்டமுள்ள நாட்களில் பாண் விற்கவும் கதவு திறக்கவும்தான் ஆள் தேவை. விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் தொப்பியைக் கழற்றுவார். அதற்குப் பிறகு ஒரு கெட்ட வார்த்தையும் சொல்வார்.

ரோக்கர் பார்க்கில் இப்போது வீடுகள். தெருக்களுக்கு 'கோல்மவுத் குளோஸ்', 'மிட்ஃபீல்ட் டிரைவ்' என்று பெயர். நான் நின்ற படிக்கட்டு யாருடைய குசினியாக இருக்கிறதோ.

டர்ஹம் நகரில் ஒவ்வொரு ஜூலையிலும் சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம் நடக்கிறது. மூடிப்போன சுரங்கங்களின் சங்கக் கொடிகள் இன்றும் பாண்ட் வாத்தியத்தோடு வருகின்றன. அண்ணன் கடிதம் போட்டிருந்தார். முழங்கால் வலியாம், பாதித் தூரம்தான் நடந்தாராம். மீதித் தூரம் கொடியின் கயிற்றைப் பேரன் பிடித்துக்கொண்டு போனானாம்.

மழை இறங்குகிறது, தோழர்களே. பிள்ளைகளை வரச் சொல்லுங்கள், கிண்ணத்தைக் கொடுத்துவிடலாம்.