நடுவில் ஒரு மொழி வேண்டும்

(தோ பாயோவில் தமிழ்க் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை மாலையில், லோரோங் 8 சந்தையில் வாங்கிய காய்கறிப் பையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலர் இரவு வேலைக்குப் போக வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் இயக்கத்தில் இத்தனை நாளும் தமிழுக்காகப் பேசியிருக்கிறோம். வேலையிடத்தில், பள்ளியில், வாடகை வீடு தேடும்போது நமக்கு நேர்வதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நம் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சிறுபான்மை இருக்கிறது என்பதை நானும் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. காது கேளாத நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாய். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். துப்புரவு வேலை செய்பவர், கணவரை இழந்தவர். இருபத்து நான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. வேலை பார்த்த இடத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சம்பள உயர்வுக் கடிதம் என்று நினைத்து அவன் போட்டிருக்கிறான். அது, தானாகவே வேலையை விட்டு விலகுவதாக எழுதிய கடிதம்.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தேன். அறையில் நான்கு பேர். மகன் சைகையில் சொல்கிறான், மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார், நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்கிறேன். அம்மா சொல்வது அதே வழியில் திரும்பிப் போகிறது. வேலை விவகாரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கிளம்பும்போது அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தம்பி, அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் இருக்குமா? நான் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கேட்டார். “உங்க அப்பா செத்தப்ப நீ ஏன்டா அழவே இல்ல?”

மகனின் பதில் ஆங்கிலத்தில் வந்தது. நான் தமிழில் சொன்னேன். “அப்பாவுக்கு என்ன நோய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மருத்துவமனையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். குணமாகி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.”

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. சோறு போடக் குறிப்பு உண்டு, குளிக்கச் சொல்லக் குறிப்பு உண்டு, கோவிலுக்குப் போகலாம் என்று சொல்ல இரண்டு கை கூப்பினால் போதும். “அப்பாவுக்குப் புற்றுநோய், இனிப் பிழைக்கமாட்டார்” என்று சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு முழு மொழி வேண்டும்.

இது எப்படி நேர்ந்தது? வீட்டில் தமிழ். பிள்ளை காது கேளாதவன் என்று தெரிந்ததும், “குழப்பாதீர்கள், ஒரே மொழி போதும், ஆங்கிலத்திலேயே பேசுங்கள்” என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. ஆங்கிலம் வராத தாய் என்ன செய்வார்? பேச்சையே குறைத்துக்கொள்கிறார். பள்ளியில் சைகையும் ஆங்கில எழுத்தும். தாய்மொழிப் பாடத்திலிருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், தாய் தமிழ் முரசு படிக்கிறார், மகன் வாட்ஸ்அப்பில் ஆங்கிலம் எழுதுகிறான். காதால் பேச முடியாதவர்களுக்கு எழுத்தாவது துணை என்பார்கள். நம் வீடுகளில் அந்த எழுத்தும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொள்வது அக்காவோ தங்கையோ. பன்னிரண்டு வயதில் அவள் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறாள்.

இப்போது பலர் கேட்கும் கேள்வி. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே? இல்லை. தமிழைக் கையால் காட்டுவதா? அதுவும் இல்லை. பரதநாட்டிய முத்திரை மாதிரியா என்று என்னிடமே ஒரு பெரியவர் கேட்டார். முத்திரை அழகான கலை. அதை வைத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்தில் வயிற்றுவலியை விளக்க முடியாது. சைகை மொழிகள் தனி இலக்கணம் உள்ள முழு மொழிகள். கையின் வடிவம், அது அசையும் இடம், புருவம், தலையசைவு எல்லாம் சேர்ந்ததுதான் வாக்கியம். 1960ல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் படித்தவர்களே ஒத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்கு 80 ஆண்டு முன்பு, 1880ல், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது. தாய்மொழியில் பேசினால் பள்ளியில் அடி விழுந்த கதைகள் நமக்குப் புதிதல்லவே.

நம் ஊர்க் கதை 1954ல் தொடங்குகிறது. ஷாங்ஹாயிலிருந்து வந்த பெங் ட்ஸு யிங் என்ற ஆசிரியர், தாமே காது கேளாதவர், இங்கே காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு சைகைப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1955ல், காது கேளாதோர் சங்கம் அமைந்தது. 1956ல் கனோசியன் கன்னியாஸ்திரிகள் வாய்ப்பேச்சு முறையில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1963ல் மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்க் காது கேளாதோர் பள்ளி திறந்தது. பெங் கொண்டுவந்தது ஷாங்ஹாய்ச் சைகை. எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு முறை வந்தது. ஆங்கில வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக, விகுதி உட்பட, கையால் காட்டும் முறை. இவையெல்லாம் கலந்து, காது கேளாதவர்கள் தாங்களே உருவாக்கிய சைகைகளும் சேர்ந்து, ஒரு மொழி வளர்ந்தது. 2008ல்தான் அதற்குச் சிங்கப்பூர்ச் சைகை மொழி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் காது கேளாதவர்களே. பழைய பள்ளி, பிள்ளைகள் குறைந்து, 2017ல் மூடப்பட்டது.

பக்கத்து புளோக் தமிழ்ப் பையன் கையில் ஷாங்ஹாய்ச் சொல் ஒன்று இருக்கிறது என்றால் அது சிங்கப்பூரின் கதைதான். ஆனால் திருநெல்வேலியிலிருந்து காது கேளாத ஒரு பெண்ணை அவனுக்குக் கட்டிவைத்தால், இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் புதிதாகக் கற்க வேண்டும். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் பெயரில் உள்ள காது கேளாதோர் பள்ளி 1895லிருந்து நடக்கிறது. அங்கே புழங்குவது வேறு சைகை. “ரெண்டு பேருக்கும் காது கேக்காது, நல்லாப் பொருந்தும்” என்று தரகர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நம் வாயில் புழங்கும் சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவிடு, ஊமை என்று இன்னும் சொல்கிறோம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நானே நீதிமன்ற வாசலில் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல். காது கேளாதவர்கள் பலர் தங்களைக் குறைபாடு உள்ளவர்களாக நினைப்பதில்லை. ஒரு மொழியும் பண்பாடும் உள்ள சமூகமாக நினைக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொடுவார்கள், விளக்கை அணைத்துப் போடுவார்கள், தரையைத் தட்டுவார்கள். எல்லார் கையும் தெரியும்படி வட்டமாக உட்காருவார்கள். கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி அசைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. அதை நாமாக வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாதவர்கள்தான் வைப்பார்கள். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். என் மூக்குக்கண்ணாடி சரியும் விதத்தை வைத்து. விடைபெற ஒரு மணி நேரம் ஆகும். அந்த விஷயத்தில் அவர்கள் அசல் தமிழர்கள்.

இனி சட்டம். சிங்கப்பூர் அரசியல் சாசனத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நமக்குக் கூச்சமில்லை. அது நம் உரிமை என்று தெரியும். சைகை மொழி அந்த வரிசையில் இல்லை. அதனால் உரிமையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, காவல்துறை வாக்குமூலத்தை எழுதினால், ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். பேச முடியாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது நம் சாட்சியச் சட்டம். இந்த விதி 1872ம் ஆண்டு இந்தியச் சட்டத்திலிருந்து வந்தது. இந்தியா அதை 2013ல் திருத்தி, மொழிபெயர்ப்பாளரின் அல்லது சிறப்பாசிரியரின் உதவியை நீதிமன்றம் கட்டாயம் பெற வேண்டும், சாட்சியத்தைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார். அந்தக் காணொளியை நான் மூன்று முறை பார்த்தேன்.

ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் 2013ல் உறுதிசெய்தது. தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்கள், நீதி பெறும் வழி, சைகை மொழிக்கும் காது கேளாதோர் பண்பாட்டுக்கும் அங்கீகாரம் எல்லாம் அதில் உண்டு. ஒரு வழக்கறிஞனாக உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக இங்குள்ள நீதிமன்றத்துக்குப் போக முடியாது, உள்நாட்டுச் சட்டம் வேண்டும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், மொழித்திறன், உடற்குறை எல்லாம் அதில் ஒரே பட்டியலில் வருகின்றன. காது கேளாத தமிழ்த் தொழிலாளிக்கு அந்த மூன்றும் சேர்ந்தே பொருந்தும்.

உங்களால் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. மருத்துவர் சந்திப்பு என்றால், தேதி வாங்கும்போதே சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. முழுநேரமாக இந்த வேலையைச் செய்பவர்கள் மிகச் சிலர். தங்கையை அழைத்துப் போகாதீர்கள். அண்ணனின் நோயையும், சில நேரம் அவன் அந்தரங்கத்தையும், ஒரு சின்னப் பெண் வாயால் சொல்ல வைப்பது அவளுக்கும் கொடுமை, அவனுக்கும் கொடுமை. சங்கடமானதை அவள் விட்டுவிடுவாள், யார்தான் விடமாட்டார்கள்? பயிற்சி பெற்றவர் எதையும் விடமாட்டார், சேர்க்கமாட்டார், வெளியே சொல்லமாட்டார். பேசும்போது மகனைப் பார்த்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “அவன்கிட்ட சொல்லுங்க” என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தமிழ் வேண்டுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பேர் எதற்கு என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காவல்துறையோ முதலாளியோ தாளை நீட்டினால், புரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லத்தான் மொழி வேண்டும் என்கிறீர்களா? ஆமாம். அதனால்தான் கடைசியாக இது. காது கேட்கும் பெற்றோருக்குத்தான் காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிறக்கிறார்கள். யாருக்கும் இது முன்கூட்டித் தெரிந்து வருவதில்லை. காதுக்குள் கருவி பொருத்தியிருந்தாலும் சைகை அதைக் கெடுக்காது. கருவியைக் கழற்றிவிட்டுக் குளிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் பிள்ளையிடம் பேச ஒரு மொழி வேண்டுமே. சங்கத்தில் சைகை வகுப்பு இருக்கிறது, மவுண்ட்பேட்டன் சாலையில். சைகை பயன்படுத்தும் பிள்ளைகளுக்கான உயர்நிலைப்பள்ளியாக அமைச்சு குறித்துள்ள பீட்டி, இதோ தோ பாயோ நார்த்தில்தான் இருக்கிறது. தொடக்கநிலைக்கு அங் மோ கியோவில் மேபிளவர். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். அது நியாயமான தயக்கம். தமிழில் விளக்கிச் சைகை சொல்லித்தரும் வகுப்பு ஒன்று வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது; படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. மகனிடமே கற்றுக்கொள்கிறார். பணம், டாக்டர், வலி, பயம் என்று ஆரம்பித்தார்களாம். போன மாதம் கணவரின் திதிக்கு, அவர் எப்படி நோயில் விழுந்தார் என்று மகனுக்கு முழுவதும் சொல்லியிருக்கிறார். பாதி சைகை, பாதி அபிநயம், இரண்டு இடத்தில் மகள் உதவி. மகன் அன்றைக்கு அழுதானாம்.

இனி உங்கள் கேள்விகள். முன்வரிசையில் சைகையில் கேட்கக் காத்திருப்பவர்கள் முதலில் கேட்கட்டும்.