அளவு சரி, கேள்விதான் தப்பு



"எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்கு நாய் ஆஸ்பத்திரியில என்னடா வேலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாயின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, இதயம் பெருத்திருக்கிறதா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எழுதுவதுதான் வேலை.

கணக்கு எளிது. இதயத்தின் நீளமும் அகலமும் எத்தனை முதுகெலும்புக் கணுக்களுக்குச் சமம் என்று பார்த்துக் கூட்ட வேண்டும். 1995இல் புக்கானனும் ப்யூஷெலரும் வகுத்த முறை இது. பெரும்பாலான நாய்களுக்கு 8.5 முதல் 10.5 வரை இருக்கலாம். மருத்துவர் கையால் அளந்ததைக் கணிப்பொறி நொடியில் அளக்கிறது.

ஒருநாள் ஒரு லாப்ரடார் வந்தது. மென்பொருள் 10.8 என்று அளந்து, "இதயம் பெரிது" என்றது. வளர்த்த அம்மா அழுதேவிட்டார். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கூடுதல் ஓசை எதுவும் இல்லை.

"தம்பி, அளவு சரிதான். ஆனா லாப்ரடாருக்கு இது சகஜம். பாக்ஸருக்கு இன்னும் கூடவே இருக்கும். என்ன பிரீட்னு உங்க மெஷின் கேட்டுச்சா?"

கேட்கவில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை. அன்றிரவே அந்தக் கேள்வியைச் சேர்த்தேன்.

தம்பி தங்கைகளே, புரோகிராம் லேபில் ஓடினால் போதாது. அது பயன்படும் மேஜையருகே ஒருநாள் போய் நில்லுங்கள். நம் பிழைக்கு அழுகிறவர் அங்கேதான் நிற்கிறார்.