வடிவமைப்பு முதுகலைக்கு நுழைவுத் தேர்வு: பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் சில செய்திகள்

(சங்கத்தின் கல்வி நாள் கூட்டத்தில், காஜாங்கில் ஆற்றிய உரை)

 

மருத்துவம், கணக்கியல், சட்டம் பற்றி இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். என்னை வடிவமைப்புப் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "டிசைன்" என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "படம் வரைந்து என்னத்தம்மா சம்பாதிக்கப் போறே?" இரண்டாவது கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள்: "நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டேனே, இனிமேல் மாற முடியுமா?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். நீங்கள் பணம் அனுப்பும் கைப்பேசிச் செயலியில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், மருத்துவமனைக் கட்டிலின் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், மைவி காரின் இருக்கை எப்படிச் சாய வேண்டும் என்று முடிவு செய்பவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதுதான் வடிவமைப்பு. சுவரில் மாட்டும் படம் வேறு.

இரண்டாவது கேள்விக்குத்தான் இன்று வந்தேன். மாற முடியும். அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

நம் மலேசியாவில் வடிவமைப்பு முதுகலைக்குப் பொதுவான நுழைவுத் தேர்வு கிடையாது. பல்கலைக்கழகங்கள் உங்கள் முதல் பட்டத்தையும், நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பையும் பார்க்கும், நேர்காணலுக்கும் அழைக்கும். கலைத் துறையில் ஏற்கனவே படித்தவருக்கு இது வசதி. இயந்திரவியல் படித்த பையனிடம் தொகுப்பு ஏது? கடை வேலைக்கு நடுவே மறைத்து மறைத்து வரைந்த நோட்டுப் புத்தகம்தான் இருக்கும்.

இந்தியாவில் வழி வேறு. அங்கே 'சீட்' என்று ஒரு தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது. (சீட் என்றதும் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது தேர்வின் பெயர்ச் சுருக்கம்தான்.) வடிவமைப்பில் முதுகலை படிக்க ஐஐடிகள் பலவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இந்தத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. பள்ளிப் படிப்புக்குப் பின் குறைந்தது 3 ஆண்டு படித்த பட்டமோ பட்டயமோ இருந்தால் எழுதலாம். வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒரு முறை வாங்கிய மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். சில துறைகள் பொறியியல் அல்லது கட்டடக்கலைப் பட்டம்தான் வேண்டும் என்று கேட்கும். அதை விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு 3 மணி நேரம். முதல் 1 மணி நேரம் கணினியில். அண்மை ஆண்டுகளில் இந்தப் பகுதிக்கு 150 மதிப்பெண். ஒரு பெட்டியை மடித்தால் எந்தப் பக்கம் மேலே வரும், பற்சக்கரம் எந்தத் திசையில் சுற்றும் என்பது போன்ற கேள்விகள் வரும். சில கேள்விகளுக்குத் தவறாக விடை போட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். அடுத்த 2 மணி நேரம் பென்சில் வேலை, 100 மதிப்பெண். இறுதிக் கணக்கில் முதல் பகுதிக்கு 25 விழுக்காடு, வரையும் பகுதிக்கு 75 விழுக்காடு. நம் பிள்ளைகள் இதைக் கேட்டதும் "அப்போ கணக்கு வேண்டாம்" என்று துள்ளுவார்கள். அவசரப்படாதீர்கள். முதல் பகுதியில் தேறியவர்களின் வரைபடங்களை மட்டும்தான் திருத்துவார்கள். மற்றவர்கள் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அந்தப் புத்தகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

தேறிய பிறகும் வேலை முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தனியே அழைத்து, நேர்காணல் வைத்து, வேலைத் தொகுப்பையும் பார்த்துத்தான் இடம் கொடுக்கும். அகமதாபாதிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனித் தேர்வு நடத்துகிறது. அங்கே முதல்நிலைத் தேர்வுக்குப் பின், பொருள்களைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லும் சோதனையும் உண்டு. ஜவுளிக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிஃப்ட்டையும் பாருங்கள். அதன் வளாகம் ஒன்று சென்னைத் தரமணியில் இருக்கிறது.

அந்த அகமதாபாது நிறுவனம் பிறந்த கதை எனக்குப் பிடித்தது. 1958இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியரை இந்திய அரசு அழைத்து, வடிவமைப்புக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. அவர்கள் ஊர் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையில் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் சொம்பு! எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், கழுவக் கை உள்ளே போகுமா, ஊற்றும்போது சிந்துமா என்று சொம்பை வைத்தே கேள்விகளை அடுக்கினார்கள். 1961இல் நிறுவனம் தொடங்கியது.

சொம்பைப் பார்த்த கண்ணோடு நம் கடைகளைப் பாருங்கள். பினாங்கில் நம் முன்னோர் தோளில் சுமந்த காவடித்தண்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி. நாசி கண்டார் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரு பக்கம் சோறு குறையும்போது மறுபக்கம் எப்படிச் சமன் செய்திருப்பார்? தேத்தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரமாகக் கட்டிக் கொடுக்கிறோமே, அந்த முடிச்சு ஏன் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறது? உறிஞ்சுகுழல் நுழையவும், விரலில் மாட்டிக்கொண்டு போகவும்தான். வரையும் பகுதியில் கேட்பது இப்படிப்பட்ட கவனத்தைத்தான். "மழை நேரத்தில் ரயில் நிலைய வாசலில் காத்திருப்பவர்களின் சிரமங்களைக் கண்டுபிடித்து, ஒன்றுக்குத் தீர்வு வரைக" என்கிற மாதிரி ஒரு கேள்வி வந்தால், காஜாங் எம்ஆர்டி நிலையத்தில் தினமும் இறங்குகிற பிள்ளைக்கு அதற்கு டியூஷன் தேவையா? கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை ஐந்நூறு வாடிக்கையாளரின் கையைப் பார்த்திருக்கும். அது பெரிய முதல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உருவம் வரைவது பற்றி நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் உண்டு. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல; ஹஜ்ரத்மார்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேளுங்கள். தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனிதர்கள் நடமாடும் காட்சியை வரையச் சொல்லும் கேள்வி இந்த வகைத் தேர்வுகளில் வரும். ஒருவர் குனிவதையும் தூக்குவதையும் காட்டாமல் ஒரு பொருளின் பயனை விளக்குவது கடினம். ஆகவே வீட்டில் அத்தா, அம்மா, பிள்ளை மூவரும் கேட்டுத் தெளிந்த பிறகு பணம் கட்டுங்கள். தேர்வு அறையில் உட்கார்ந்த பிறகு பிள்ளையின் கை தயங்கக் கூடாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். மருத்துவம் படிக்க அனுப்பும்போது இந்தக் கேள்வி அவ்வளவு பலமாக எழுவதில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

செலவையும் முன்கூட்டியே பாருங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமும் விதிகளும் தனி. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படியுங்கள். திரும்பி வந்து வேலைக்குச் சேர, அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று எம்கியூஏவிடம் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

'சீட்' தேர்வு வழக்கமாக ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்திய அக்டோபர் வாக்கில் திறக்கும். வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய வினாத்தாள்களைத் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதில் இரண்டை எடுத்து, கடிகாரம் வைத்து, வீட்டு மேசையில் எழுதிப் பாருங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வஸ்ஸலாம்.