பழைய காரும் படிந்த அழுக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ. 40உம் இன்றும் ஓடக் காணலாம். மொறிஸ் மைனர் இங்கிலாந்திலே முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 1948ஆம் ஆண்டில். வாங்கியவரையும் அவர் மகனையும் கடந்து பேரனின் கைக்கு வந்து சேர்ந்த வண்டிகள் இவற்றுட் பல. அத்தகைய வண்டியொன்றின் மூடியைத் திறப்பவர் முதலிற் காண்பது இயந்திரத்தையன்று; அதனைப் போர்த்திருக்கும் கரிய படையையே.

அப்படை ஒரு நாளில் வந்ததன்று. அக்காலத்து இயந்திரங்களிலிருந்து மசகெண்ணெய் சிறிது சிறிதாகக் கசிவது இயல்பு. கசிந்த எண்ணெயிற் செம்மண் புழுதி ஒட்ட, இயந்திரத்தின் சூடு அதனை வேகவைத்துத் தார்போல் இறுக்கிவிடுகிறது. 1990ஆம் ஆண்டு முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபறேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலேயே இவ்வண்டிகளை ஓட்டினர். அன்று வண்டியை ஓட்டிய அந்த மண்ணெண்ணெயே, இன்று அதனைக் கழுவ முற்படுவோர்க்கும் முதலில் நினைவுக்கு வருகிறது.

மண்ணெண்ணெய் கிறீசைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. இரண்டும் பூமியிலிருந்து பெறும் ஒரே எண்ணெயின் வழிவந்தவை. இனம் இனத்தோடு சேர்கிறது. ஆனால் இயற்கை இறப்பரையும் அது விட்டுவைப்பதில்லை. மண்ணெண்ணெயில் ஊறிய இறப்பர் உப்பி, மென்மையாகி, வடிவம் கெடும். மொறிஸ் மைனரின் பிறேக்குக்குரிய தலைமை உருளை, சாரதியின் காலடியிலே, தரைத்தகட்டுக்குக் கீழே, சட்டத்தினுள் அமைந்திருக்கிறது. மேலே கழுவும் திரவம் வழிந்து சேருமிடமும் ஏறத்தாழ அதுவே. அவ்வுருளையினுள்ளே மண்ணெண்ணெய் சிறிதளவு புகுந்தாலும், இறப்பர்க் கிண்ணங்கள் உப்பிப் பிறேக் இறுகி நிற்கலாம். அன்றித் தேவையான நேரத்திற் பிடியாமலும் போகலாம். இயந்திரம் பளபளக்கக் கழுவிய வண்டி சந்தியில் நில்லாது போவதைவிட, அழுக்கோடு நிற்பது மேல். ஆதலாற்றான் அனுபவமுள்ள தொழிலாளர் பிறேக்கின் உட்பகுதிகளைப் பிறேக் எண்ணெயிலோ மெதிலேற்றிய மதுசாரத்திலோ மட்டும் கழுவுவர்.

பெற்றோலைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. எங்கள் வெயிலில், பற்றறிக் கம்பியிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும்.

மூன்றாவதாகச் சிலர் நம்புவது எரிசோடாவை. அது கொழுப்பைச் சவர்க்காரமாக்கும் என்று பள்ளியிற் படித்த நினைவு அவர்களுக்குண்டு. படித்தது பிழையன்று, தேங்காயெண்ணெய்க்கும் மிருகக் கொழுப்புக்கும் அது பொருந்தும். மசகெண்ணெயோ கனிய எண்ணெய். எரிசோடா அதனைச் சவர்க்காரமாக்குவதில்லை. அதே வேளை அலுமினியத்தை அது அரித்துத் தின்னும். காபறேற்றரின் உடல் போன்ற அலுமினியப் பகுதிகள் வெண்மை பூத்துக் குழிவிழும். கண்ணிலே தெறித்தால் நேரும் கேடோ மிகப் பெரிது.

எஞ்சியிருப்பவை, கடைகளில் 'டிகிறீசர்' என்னும் பெயரில் விற்கப்படுவன. அவற்றுள்ளும் இனங்கள் உண்டு. சில வெறும் கரைப்பான்கள். சில கடுங்காரம் கலந்தவை. சில எண்ணெயை நுண்ணிய துளிகளாகப் பிரித்துத் தண்ணீரோடு செல்ல விடுபவை. பழைய காரின் வெளிப்புறத்துக்கு ஏற்றது இம்மூன்றாம் இனமே. போத்தலை வாங்குமுன் அதன் மேலுள்ள எழுத்தை வாசித்தல் வேண்டும். அலுமினியத்துக்கும் இறப்பருக்கும் தீந்தைக்கும் தீங்கில்லை என்று அதிற் கூறப்பட்டிராவிட்டால், விலை மலிவென்று மயங்கலாகாது. பழைய வண்டிகளின் செலுலோசுத் தீந்தை, கடுமையான கரைப்பான் பட்டவுடன் துணியோடு வந்துவிடும். மறைவான ஓரிடத்திற் சில துளி தேய்த்துப் பார்த்த பின்னரே முழுவதற்கும் பூசலாம்.

எந்தத் திரவமாயினும், முதலில் மூங்கிற் சீவலாலோ சிரட்டைத் துண்டாலோ தடித்த படையைச் சுரண்டி எடுத்தல் நன்று. பாதி வேலை அதிலேயே முடியும். போத்தலும் பாதி மிஞ்சும். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். பற்றறியின் இணைப்பைக் கழற்றி, காபறேற்றரின் வாயையும் டிஸ்றிபியூற்றரையும் தைனமோவையும் பொலித்தீனாற் கட்டிய பின், திரவத்தைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிடலாம், காயவிடலாகாது. பின்னர் தூரிகையாற் தேய்த்து மெதுவாக நீரூற்றல் வேண்டும். வேகமாய்ப் பீய்ச்சும் குழாய் இவ்வண்டிகளுக்கு ஆகாது. நூல் சுற்றிய பழைய மின்கம்பிகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. வற்றாத ஆறில்லாத அந்நிலத்திற் குடிநீருக்குப் பெரும்பாலும் கிணறே கதி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. முற்றத்திற் கழுவும் ஒரு காரை அதனோடு ஒப்பிட முடியாதுதான். ஆயினும் அம்முற்றத்திலிருந்து கிணறு பல வீடுகளிற் சில யார் தூரமே. ஆகவே வண்டியின் கீழே தடித்த விரிப்பொன்றை ஓரம் உயர்த்தி இட்டு, அதன்மேல் மரத்தூளைப் பரப்பி, சுரண்டிய அழுக்கையும் எண்ணெய் நீரையும் அதில் ஏந்திக்கொள்ளல் வேண்டும். ஊறிய தூளை மூடியுள்ள தகரத்தில் இட்டு, கழிவெண்ணெய் சேர்க்கும் கராச் ஒன்றிற் கொடுக்கலாம்.

இன்னுமொன்று. அந்த அழுக்குப் படை இத்தனை ஆண்டுகளாக உப்புக்காற்றிலிருந்து இரும்பைக் காத்துவந்தது. அதை நீக்கியவுடன் இரும்பு வெறுமையாகி, ஓரிரு நாளிலேயே துருப்பூக்கத் தொடங்கும். ஆதலால் நன்கு துடைத்து உலர்த்தி, இரும்புப் பகுதிகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடல் வேண்டும். இறப்பர்க் குழாய்களில் அது படலாகாது. மறுநாள் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவந்து, கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து வைத்தால், கசிவு எங்கிருந்து வருகிறதென்பதை, இத்தனை காலமும் அழுக்கு மறைத்திருந்த அவ்விடத்தை, கண்டுகொள்ளலாம்.