தண்ணீரும் தைலமும்

ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்துக்காகக் காவிரித் தீர்த்தம் பொற்குடத்தில், யானை மேல் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வரும். அந்த நீர் உற்சவர் நம்பெருமாளுக்கு. மூலவர் பெரிய பெருமாளோ சுதைத் திருமேனி. அவருக்கு நீராட்டு கிடையாது, தைலக்காப்புதான்.

ஏன் தைலம்? தண்ணீரின் இயல்பைப் பார்த்தால் புரியும். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் தன்மை. உப்பைப் போட்டால் ஒரு முனை சோடியத்தையும் மறுமுனை குளோரைடையும் இழுத்துப் பிரித்துவிடும். 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம்! அதில் மின்னூட்டம் இல்லை. ஆனாலும் நீர் பற்றிக்கொள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள் ஏராளம். எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலியில் அந்தப் பிடிமானம் இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் இறுகப் பற்றிக்கொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடுகின்றன. தைலம் பூசிய சுதையில் ஈரம் எளிதில் இறங்காதது அதனால்தான்.

சரி, ஸ்ரீரங்கத்துக்கு எதிரே தெரியும் திருச்சி மலைக்கோட்டை ஏன் மழையில் கரையவில்லை? பாறையிலுள்ள சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு மிக வலுவானது. நீரின் இழுவைக்கு அது எளிதில் மசியாது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே குடைவித்த குகைக் கோயிலை இன்றும் மலையேறிப் பார்க்கலாம்.