சாஸ்திரியாரின் பாட்டும் நமது வாங்கும்

(பசறையில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காலைக் கூட்டத்தில் நாம் பாடிய கீர்த்தனைகள் நினைவிருக்கின்றனவா? வாய்ப்பாடு மறந்தவர்களுக்கும் அந்த ராகங்கள் மறக்கவில்லை. அவற்றுள் பலவற்றை இயற்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர். வகுப்பில் நாம் பலமுறை குழம்பியதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவயதிலேயே ஸ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரிடம் வளர்ந்தவர். மன்னரின் ஆதரவு கிடைத்தபோதும், தம் நம்பிக்கைக்கு வெளியே பாட்டெழுத சாஸ்திரியார் இசையவில்லை. 1864இல், 89 வயதில் மறைந்தார்.

குறவஞ்சி, கும்மி, நாடகம் என மக்கள் அறிந்த வடிவங்களையே அவர் எடுத்துக்கொண்டார். பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி வருகிறாள்; அதே நூலில் பூமி சூரியனைச் சுற்றும் புதிய வானசாஸ்திரமும் வருகிறது. அவருடைய மகள் ஞானதீப அம்மாளும் பாட்டுக் கட்டியவர். பெண் பிள்ளைகளின் பள்ளியில் பயின்ற நாம் அந்தப் பெயரையும் சொல்லிப் பழக வேண்டும்.

1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல இடம்பெற்றன. அடுத்த ஆண்டே இலங்கைத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. ஆனால் எங்கள் அம்மாயிமார் புத்தகம் பார்த்துப் பாடியவர்கள் அல்லர். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நமுனுகுலையில் பனி விலகுமுன் மலைக்குப் போய், கொழுந்துக் கூடையை இறக்கி, இரவில் லயத்து வாசலில் கேட்டுக் கேட்டே பாடினார்கள். எழுத்தறியாதவரும் தன் சொத்தாக்கிக்கொள்ளக் கூடியது பாட்டு.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. 1829இல் தஞ்சைச் சபையில் பெரிய பிணக்கு மூண்டது. வேதப்புத்தகத்தின் பழைய தமிழை மாற்றக்கூடாது, தமிழ்ச் சங்கீதத்தை ஆலயத்திலிருந்து விலக்கக்கூடாது என்று சாஸ்திரியார் வாதாடினார். அந்த வாதம் இல்லாவிட்டால் நம் காலைக் கூட்டம் வேறு இசையில் நடந்திருக்கும். ஆனால் அதே மூச்சில், எல்லாச் சாதியாரும் கலந்து உட்காருவதையும் ஒன்றாக நற்கருணை பெறுவதையும் அவர் எதிர்த்தார். சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு நூலே எழுதினார்.

அக்காமாரே, கப்பலேறி இந்த மலைகளுக்கு வந்த நம் முன்னோரில் பலர், ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சாஸ்திரியாரின் கோயிலில் எங்கள் அம்மாயி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. அதே அம்மாயிதான் அவர் பாட்டை எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

அப்படியானால் பாடுவதை விடுவோமா? விடமாட்டோம். அந்தப் பாட்டை நூறாண்டுக்கு மேலாகச் சுமந்து காத்தவர்கள் நம்மவர்கள். அது இப்போது நம்முடையது. ஆனால் பாதிக் கதையோடு பாடவும் மாட்டோம். மன்னர் முன் வளையாத மனிதர், பக்கத்தில் உட்கார வந்த ஏழையிடம் தவறினார் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். பெரியவர்களின் நல்லதை எடுத்துக்கொள்ளவும், பிழையைப் பிழை என்று சொல்லவும் நம் ஆசிரியைகள் தாம் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

கங்காணி வீட்டுப் பிள்ளையும் கொழுந்தெடுப்பவர் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினோம். சாஸ்திரியாருக்கு நாம் அளித்த பதில் அதுவே. வரும் நத்தார் ஆராதனையிலும் அப்படியே உட்கார்ந்து பாடுவோம்.